குட்டையின் விரிப்பும் மீனின் மூச்சும்

மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும் கிழக்கே சிறுமலையும் எல்லை வகுத்து நிற்க, இடையே பரந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, வருஷத்தில் சில வாரங்களே நல்ல மழை காணும் பூமி. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்கு மலைகளிலேயே இறக்கிவிட்டு வறண்டு வருவதால், ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே இப்பகுதி ஜனங்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அந்த மழையும் செம்மண்ணிலும் சரளையிலும் விழுந்த சில தினங்களுக்குள் பூமிக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. ஆகையினால்தான் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கங்களில் விவசாயிகள் பண்ணைக்குட்டை வெட்டி, அதன் அடியிலும் சரிவிலும் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மழை நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தேக்கிவைத்துச் சொட்டுநீருக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தேங்கிய நீர் சும்மா கிடப்பானேன் என்று அதில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை விடுவோரும் உண்டு. திண்டுக்கல் நகரத்திலோ, வீட்டுத் தோட்டத்தின் மூலையில் இதே ஷீட்டை விரித்து, அல்லிக்கொடியும் வண்ணக் கெண்டைகளும் வளர்த்துக் கண்குளிரப் பார்ப்பவர்கள் பலர்.

ஆனால் ஷீட்டுக்கு ஆயுள் உண்டு. அது முடிகிற நாளில் குட்டையின் சொந்தக்காரர் புது ஷீட்டின் விலையையும் ஆட்கூலியையும் கணக்கிடுவாரேயன்றி, மீனைப் பற்றிக் கேட்டால், அதைப் பிடித்து ஒரு தொட்டியில் போட்டுவைத்தால் போதும் என்று சொல்லிவிடுவார். வேலை ஒரே நாளில் செவ்வனே முடிந்து, புது ஷீட்டின் மேல் பளிங்குபோல் நீர் நின்று, மீன்களும் உயிரோடு திரும்பி வந்தபின், பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும்போதுதான், அந்தப் பழைய ஷீட்டோடு வேறு ஏதோ ஒன்றையும் சேர்த்து எறிந்துவிட்டோம் என்ற சந்தேகம் எழுகிறது. அது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோர் வெட்டிய கண்மாய்களுக்கும் ஊரணிகளுக்கும் ஷீட் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் வழியே வந்த வண்டல் அடியில் படிந்து, அதிலுள்ள களிமண் துகள்கள், ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்கும் குறைவான தகடுகளாய் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு, நீர் இறங்கும் வழியை நாளடைவில் அடைத்துவிட்டன. இப்படிக் காலத்தின் உதவியால் கிடைத்த காப்பை ஒரே நாளில் பெற விரும்பியவனுக்கு ரசாயன சாஸ்திரம் தந்த வரமே பாலித்தீன். 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் பரிசோதனைச்சாலையில், எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்னும் இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தி வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது, பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருளாக அது தற்செயலாகத் தோன்றியது.

நீரை அணுவளவும் விடாத இப்பொருளுக்குச் சூரியனே சத்துரு. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் பாலித்தீனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஆங்காங்கே அறுக்க, அறுந்த முனைகளில் காற்றின் பிராணவாயு சேர்ந்து, வளைந்துகொடுத்த விரிப்பு நாளடைவில் மொறமொறப்பாகி வெடிக்கிறது. கருப்பு ஷீட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலக்கப்படும் கரித்தூள், அக்கதிர்களைத் தானே விழுங்கிக்கொண்டு இந்தச் சேதத்தைத் தாமதப்படுத்துகிறது. கருமை அழகுக்காக ஏற்பட்டதன்று. நீருக்குள் அமிழ்ந்த பாகத்தை நீரே காத்துவிடுவதால், குட்டையின் விளிம்பில், வெயிலுக்கும் ஈரத்துக்கும் மாறிமாறி உட்படும் பட்டையே முதலில் பழுதாகும். வெடிப்பு விளிம்போடு நின்றிருந்தால் ஒட்டுப்போட்டுச் சில காலம் ஓட்டலாம். ஆகவே, ஷீட்டைக் கழற்றுவதற்கு முன் நீர் உண்மையில் ஒழுகுகிறதா, எங்கே ஒழுகுகிறது என்று அறிவது அவசியம்.

திண்டுக்கல் கோடையில் குட்டையின் நீர்மட்டம் ஆவியாதலினால் மட்டுமே தினந்தோறும் சில மில்லிமீட்டர் இறங்கும். வெயில் குடித்தது எவ்வளவு, விரிசல் குடித்தது எவ்வளவு என்று பிரித்தறிய ஒரு வாளி போதும். வாளிக்குள் ஒரு செங்கல்லை இட்டு, குட்டைக்குள் ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்கும்படி நிரப்பி, வாளியின் உட்புறமும் வெளிப்புறமும் கோடிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் குற்றம் வெயிலுடையது. வெளிமட்டம் அதிகமாக இறங்கியிருந்தால் ஷீட்டுடையது. அப்படியே விட்டுவைத்தால் நீர் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். ஓட்டை பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான் இருக்கும்.

மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவானால், காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனோ நம்மைப்போல் தன் உடல் உஷ்ணத்தை ஒரே நிலையில் நிறுத்திக்கொள்ளும் பிராணி அன்று. நீர் 10 டிகிரி சூடேறினால் அதன் உடலின் இயக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, மூச்சின் தேவையும் அவ்வாறே பெருகும். சித்திரை வெயிலில் இவ்வேலையைத் தொடங்குபவர், மீனுக்கு அதிகம் தேவைப்படும் வேளையில் குறைவாகக் கொடுக்கிறார். மழை ஓய்ந்து, நிலத்தடி நீர் சற்றே தணிந்து, நீரும் குளிர்ந்திருக்கும் தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை. மழைக்காலத்திலேயே செய்தால், கீழிருந்து ஊறும் நீர் புது ஷீட்டை உப்பலாகத் தூக்கிவிடுவதும் உண்டு. நாளின் வேளையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விடியற்காலைதான் குளிர்ச்சியானது என்று பலர் அப்போதே வலை போடுகிறார்கள். ஆனால் பாசி படர்ந்த குட்டையில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்தே சுவாசித்திருப்பதால், பிராணவாயு மிகவும் குன்றியிருக்கும் நேரம் அதுவே. வெளிச்சம் பட்டுப் பாசி மீண்டும் பிராணவாயுவை வெளியிடத் தொடங்கி, வெயில் இன்னும் உச்சிக்கு ஏறாத எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட வேளையே தக்கது.

மீனுக்குத் தற்காலிக இல்லமாகும் தொட்டியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. புதிதாகப் பூசிய சிமெண்ட் தொட்டி வேண்டாம். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை மீன் தாங்கமுடியாத அளவுக்கு உயர்த்திவிடும். பூச்சிமருந்து இருந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியோ, செங்கல் அடுக்கி அதன்மேல் விரித்த தார்ப்பாயோ போதும். அதைப் பந்தலின் நிழலில் வைத்து, குட்டையின் பழைய நீரையே நிரப்பி, மீன் துள்ளி வெளியே விழாதபடி வலையால் மூட வேண்டும். எத்தனை மீனுக்கு எவ்வளவு நீர் என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். நம் உஷ்ணத்தில் ஒரு கிலோ கெண்டை, மணிக்குச் சுமார் 200 மில்லிகிராம் பிராணவாயுவை உட்கொள்ளும் என்று கொண்டால், 5 கிலோ மீனுக்கு மணிக்கு 1 கிராம் ஆகும். 500 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வீதம், 3.75 கிராம் கரைந்திருக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தவிக்கத் தொடங்குமாதலால், அதன் உபயோகத்துக்குக் கிடைப்பது 2.25 கிராமே. அதாவது, காற்று ஊட்டாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் அந்த நீர் தாங்கும். ஏரேட்டர் ஓடினால் இந்தக் கவலை இல்லை. மின்சாரம் நின்றாலும் ஓடும்படி பேட்டரியில் இயங்கும் ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்வது விவேகம். இரண்டும் இல்லாத நேரத்தில் தொட்டி நீரையே குடத்தால் முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால், நீர்ப்பரப்பு கலங்கி, காற்று ஓரளவு கரையும்.

மீனைப் பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிறு காலியாக இருந்தால் கழிவும் குறையும். குட்டை நிறைந்திருக்கும்போது வலையோடு துரத்தாமல், நீரை மூன்றில் ஒரு பங்காக இறக்கிய பின் பிடித்தால் மீன் களைப்படையாது. ஆனால் அடிச்சேற்றைக் கலக்கக் கூடாது. காற்றுப் புகாத அந்தக் கறுத்த சேற்றில், முட்டை அழுகிய நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அடைபட்டிருக்கும். அது சிறு அளவில் வெளிப்பட்டாலும் மீனுக்கு விஷம். பெரிய மீனை வலையிலேயே தூக்காமல், நீரோடு சேர்த்துப் பாத்திரத்தில் ஏந்திச் செல்வது நல்லது. ஏனெனில் மீனின் மேலுள்ள வழவழப்பு, தோலுக்கு அமைந்த கவசம். நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்புச்செறிவுள்ளதாதலால், சவ்வூடு பரவலின் விதிப்படி நீர் இடைவிடாமல் உடலுக்குள் புகுந்துகொண்டும் உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கிறது. அந்த நீரை வெளியேற்றி உப்பை மீட்பதே அதன் சிறுநீரகத்துக்கும் செவுள்களுக்கும் ஓயாத வேலை. வலைமுடிச்சு உராய்ந்து கவசம் கிழிந்தால் இந்த உழைப்பு இன்னும் அதிகரிக்கிறது. ஆகவே, தொட்டி நீரில் லிட்டருக்கு 3 கிராம் வீதம், 500 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்துவிட்டால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேற்றுமை குறைந்து மீனின் பாரம் இலகுவாகும். செடிகளுக்கு அந்த உப்பு ஆகாதாகையால் அல்லியையும் பிற கொடிகளையும் வேறு பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

இனி விஷயத்தின் மர்மத்துக்கு வருவோம். மீன் தன் உடற்கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியே நீரிலேயே விடுகிறது. நூற்றுக்கு 30 பங்கு புரதமுள்ள தீனி ஒரு கிலோ தின்றால், அதிலிருந்து சுமார் 30 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக நீரில் சேரும். நீரில் அது இரண்டு ரூபங்களில் இருக்கிறது: மின்னேற்றமுள்ள அம்மோனியம் அதிகத் தீங்கு செய்யாது; மின்னேற்றமற்ற அம்மோனியா செவுளை அரித்து உயிரைக் குடிக்கும். எது எவ்வளவு என்பதை நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். நிர்ணயிக்கிறது: 25 டிகிரியில், பி.எச். 7 ஆனால் விஷரூபம் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல். 8 ஆனால் 5 பங்குக்கு மேல். 9 ஆனால் 36 பங்கு. இவ்விஷத்தில் மூழ்கியிருந்தும் பழைய குட்டையின் மீன்கள் வருஷக்கணக்காக உயிர் வாழ்ந்ததன் ரகசியம் என்ன? 1890-ஆம் ஆண்டையொட்டி, ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவையே உணவாகக் கொண்டு, அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றி உயிர் வாழும் பாக்டீரியாக்கள் உண்டென்று நிரூபித்தார். விஷத்தைச் செடிகளுக்கு எருவாக மாற்றும் இந்த நுண்ணுயிர்களே குட்டையின் காவலர்கள்.

அவற்றின் வாசஸ்தலம் எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. பெரும்பாலும் கல்லின் மேலும், வேரின் மேலும், வடிகட்டியின் பஞ்சிலும், அனைத்துக்கும் மேலாக அந்தப் பழைய ஷீட்டின் மேல் வழுக்கும் பாசிப் படலத்திலும் ஒட்டி வாழ்பவை. எனவே பழைய நீரை மட்டும் பத்திரப்படுத்தினால் மீனுக்குப் பழகிய உப்பும் கடினத்தன்மையும் கிடைக்குமேயன்றிக் காவல் கிடைக்காது. அழுக்கென்று அருவருத்து நாம் சுருட்டி எறிகிறோமே, அந்தப் படலம்தான் காவல். அது புது ஷீட்டில் மீண்டும் உருவாக, நம் வெப்பத்திலும் மூன்று முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பத்தாம் நாளில் மீன் சாவதன் காரணம் இதுவே. பாலுக்கு உறைமோர் விடுவதுபோல், பழைய குட்டையின் கற்கள் சிலவற்றையும், வடிகட்டியின் பஞ்சையும், படலம் படிந்த பழைய ஷீட்டின் ஒரு துண்டையும் கழுவாமல், உலரவிடாமல், காற்றோட்டமுள்ள மீன்தொட்டி நீரிலேயே போட்டுவைத்து, பின்னர் புதுக் குட்டைக்கு மாற்றினால், காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். வெயிலில் காயவைத்தாலோ, குழாயின் குளோரின் நீரில் அலசினாலோ அவை மடிந்துவிடும்.

நீர் வற்றிய குழியில் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அள்ளிய சேறு தென்னைக்கும், நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்துக்கும் நல்ல எரு. உப்புச் சேராத பழைய நீரும் அப்படியே. அடியில் துருத்தும் சரளையைப் பொறுக்கி, பெருச்சாளி வளையையும் நண்டு வளையையும் அடைத்து, கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். கோரையின் கூரிய முளை பிளாஸ்டிக்கையும் துளைத்துக்கொண்டு மேலே வரும் வல்லமை படைத்தது. பிறகு சலித்த மணலோ பழைய சாக்கோ பரப்பி, அதன்மேல் ஷீட் வரவேண்டும். ஷீட்டின் நீளத்தை அறிய, குழியின் நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், இருபுறத்துக் கரைக்கு வேண்டியதையும் கூட்ட வேண்டும்: 12 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குட்டைக்குக் கரைக்கு ஒன்றரை அடி வீதம் விட்டால், 21 அடிக்கு 17 அடி ஷீட் தேவை. பண்ணைக்குட்டைக்கு 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமன் வழக்கத்தில் இருக்கிறது. நெய்து படலமிட்ட ஷீட்டுக்கு ஐ.எஸ். 15351 என்ற இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. பாலித்தீனில் பசை பிடிக்காதாகையால் இணைப்பைச் சூட்டால் உருக்கி ஒட்டவேண்டும். உஷ்ணம் ஒரு டிகிரி ஏற, மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் நீளும் பொருளாதலால், விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றுத் தொய்வாகவே விட்டு, கரைமேல் ஓரடி ஆழத்துக்கு வெட்டிய பள்ளத்தில் ஓரத்தைப் புதைத்து மண் மூடிவிடலாம். வெயில் படும் விளிம்பைக் கல்லாலோ மண்ணாலோ மறைத்தால் ஷீட்டின் ஆயுள் நீடிக்கும்.

புது நீரைப் பற்றி யோசிக்காமல் குழாயைத் திறந்துவிடுவது அபாயம். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும் பிற திட்டங்களிலிருந்தும் திண்டுக்கல் நகரத்துக்கு வரும் குடிநீர் குளோரினால் சுத்திகரிக்கப்பட்டது. குடிநீரில் எஞ்சி நிற்கவேண்டுமென்று இந்தியத் தர நிர்ணயம் கூறும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மனிதருக்குப் பாதுகாப்பு. அதில் ஒரு பகுதியே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதும். ஒரு நாள் திறந்துவைத்துக் காற்றூட்டினால் அது பறந்துவிடும். அவசரமானால், முன்பு புகைப்படக்காரர்கள் உபயோகித்த ஹைப்போவைக் குளோரினின் எடையைப்போல் சுமார் ஏழு மடங்கு கரைத்தால் உடனே முறியும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆனால் பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்த அந்நீரில் பிராணவாயு குறைவு, கரியமிலவாயு அதிகம், கடினத்தன்மையும் அதிகம். தோல் பதனிடும் தொழிலின் கழிவினால் நகரைச் சுற்றிய சில பகுதிகளில் நிலத்தடி நீரே உப்பேறியிருக்கிறதாகையால், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை சோதித்தறிவது நன்று. எந்த நீரானாலும் உயரத்திலிருந்து சிதறும்படி விழச்செய்து, ஒரு நாள் தங்கவைத்து, மூன்றில் ஒரு பங்கேனும் பழைய நீரோடு கலந்து நிரப்புவதே முறை.

இங்கே இன்னொரு கண்ணி மறைந்திருக்கிறது. நெருக்கமான தொட்டியில் மீன் விடும் கரியமிலவாயு நீரின் பி.எச்.-ஐத் தாழ்த்துவதால், சேர்ந்துபோன கழிவு அம்மோனியமாகத் தீங்கின்றிக் கிடக்கும். மீனுக்கு நன்மை செய்வதாக எண்ணி, பி.எச். 8 உள்ள கடின நீரை அத்தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டினால், பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறி, விஷரூபத்தின் விகிதம் ஏறக்குறைய ஒன்பது மடங்காகிவிடும். முதல் நாளிலிருந்தே தினம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் கழிவும் சேராது, பி.எச்.-உம் சட்டென்று மாறாது. குட்டைக்குத் திருப்பும்போதும், மீன் இருக்கும் பாத்திரத்தில் புதுக் குட்டையின் நீரைச் சிறுகச் சிறுக அரைமணி நேரம் சேர்த்து, உஷ்ணமும் நீரின் குணமும் ஒத்தபின் விட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தீனியைச் சிறிதளவில் தொடங்கி, ஒரு மாதம் வரை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து வருவது உத்தமம். நைட்ரைட் ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்யும்; நீரில் காற்று நிறைந்திருந்தும் மீன் மேலே வந்து வாய்பிளந்தால் அதையே சந்தேகிக்க வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுக்கும்.

ஆயிரக்கணக்கில் மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டைக்காரர் இவ்வளவையும் தொட்டியில் செய்ய இயலாது. அவர்கள் அறுவடையை ஒட்டியே ஷீட் மாற்றத்தை வகுத்துக்கொண்டு, விற்றதுபோக எஞ்சிய மீனை அக்கம்பக்கத்துக் குட்டையில் ஹாப்பா எனப்படும் வலைக்கூண்டு கட்டி விட்டுவைப்பதே சிக்கனமான வழி.

ஷீட்டை மாற்றுவது கூலியாட்களின் ஒரு நாள் வேலை. குட்டையை மீண்டும் உயிருள்ள நீர்நிலையாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளின் ஒரு மாத வேலை. இந்த இரண்டாவது கணக்கை மறந்தவரின் குட்டையில்தான் மீன் சாகிறது. ஆகவே, பழைய ஷீட்டைச் சுருட்டுவதற்கு முன், அதன்மேல் படிந்த வழுக்கலில் ஒரு பகுதியையேனும் ஈரத்தோடு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத அந்த ஒரு காரியமே விலை கொடுத்து வாங்கிய மற்ற சாதனங்களைக் காட்டிலும் உங்கள் மீனுக்கு அதிகமாக உதவும்.